கிள்ளிப் போட்ட முதல் பூ

நாற்றுகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், நம்புகிறவர்கள் நெருங்கி உட்காருங்கள். அந்தக் காலத்தில் கோவைக்கொடி நாடு என்று ஒரு நாடு. அங்கே பூங்காவனம் என்று ஒருத்தி. அவள் புருஷன் சடையன் கத்தரி போடுவதில் கெட்டிக்காரன், வாயை அடக்குவதில் மட்டும் படு மோசம்.

ஒரு நாள் தூமகேது என்ற மந்திரவாதி நீலப்பொடி மூட்டையோடு வந்து சேர்ந்தான். ஒரு சிட்டிகை தூவினால் போதும், ஒரே நாளில் பூசணி அளவுக்குக் கத்தரிக்காய்! ஊரே வாயைப் பிளந்தது. சடையனும் பொடியைத் தூவினான், காயைத் தின்று பார்த்தான், நடுச்சந்தையில் நின்று கத்தினான்.

"தூ! இது கத்தரிக்காயா, நனைஞ்ச பஞ்சா? இந்தப் பொடி போட்டதும் என் கொல்லையில ஒரு மண்புழுகூட இல்லையேய்யா!"

மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! "சடையா, உன் கொல்லையிலேயே வைக்கோல் பொம்மையாய் நில்! என் பொடி படாமல் அங்கே காய்த்த கத்தரிக்காய் உன் வாயில் பட்டால்தான் நீ மனுஷன். ஐப்பசி மழையில் நனைந்தாயோ, மக்கிப் போவாய்!"

அப்போது ஆடி மாதம். பூங்காவனம் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். ஏழு ஊர் விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து அங்கே நாற்றங்கால் போட்டிருந்தார்கள். சாணமும் மக்கின இலையும் தவிர அந்த மண் வேறெதையும் கண்டதில்லை. நாற்று எடுத்துக் கொடுப்பவள் அங்காயி.

"அக்கா, சீக்கிரம் காய்க்கிற கத்தரி நாத்து வேணும். என் வீட்டுக்காரர் பொம்மையா நிக்கிறாருக்கா!"

சொல்லும்போதே அவள் கண், ஒரு மூலையில் பூவோடு நின்ற நாற்றின் மேல் விழுந்தது. "இதையே குடுங்க, பூவே வெச்சிருச்சே!"

"அது முத்தின நாத்து தாயி. உரக்குழிக்குப் போகுது."

கேட்டாளா? கேட்கவில்லை. அதையும் ஒரு கூடை மக்கு உரத்தையும் வாங்கிப் போய் நட்டாள். மூன்றாம் நாள் நாற்று தலை சாய்ந்தது. "அம்மா, வேர் விடுற வயசு எனக்குப் போயிருச்சே!" என்றது, கருகியது.

மறுபடி ஓடினாள். இந்தத் தரம் கீற்றுப் பந்தலுக்கடியில் பச்சைப் பசேலென்று நெடுநெடுவென நின்ற நாற்றைக் காட்டினாள்.

"அது நிழல்ல வளர்ந்தது தாயி. வெயில் தாங்காது."

கேட்டாளா? கேட்கவில்லை. மூன்றாம் நாள், "அம்மா, நான் வெயிலையே பார்த்ததில்லையே!" என்றது, சுருண்டது.

மூன்றாம் தரம் பூங்காவனம் நாற்றங்கால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே பார்த்துக் குடுங்க."

ஆடி முடிந்து நாற்றெல்லாம் விற்றுப் போயிருந்தது. தேடித் தேடி அங்காயி ஒரே ஒரு நாற்றை எடுத்தாள். குட்டையாக, தண்டு தடித்து, ஒரு வாரம் வெயிலில் காய்ந்து இறுகிய நாற்று. "பொழுது சாயுறப்போ நடு. முதல் பூவைக் கிள்ளிப் போட்டுரு."

"ஐயோ, பூவையா?"

"கிள்ளினாத்தான் வேர் இறங்கும், கிளை வெடிக்கும். விட்டுவெச்சா இருக்கிற ஒண்ணும் வெம்பிப் போகும்."

நாற்று பிழைத்தது. புரட்டாசியில் ஒரே ஒரு ஊதாப் பூ பூத்தது. எங்கிருந்தோ மந்திரவாதி வந்து குதித்தான்.

"கிள்ளாதே பூங்காவனம்! மேகத்தைப் பார், எப்படித் திரள்கிறது! பூ போனால் புருஷன் போனான். ஏழூர்க்காரர்கள் உன்னை நன்றாக ஏமாற்றுகிறார்கள்!"

அவள் பொம்மையைப் பார்த்தாள். காக்கை பிடுங்கியது போக பாதி வைக்கோல்தான் மிச்சம். "ரெண்டு தரம் என் கண்ணை நம்பினேன். இந்தத் தரம் அங்காயி அக்கா வாயை நம்புறேன்" என்று சொல்லிப் பூவைக் கிள்ளினாள். கிள்ளிவிட்டு ஓவென்று அழுதாள்.

"அழாதேம்மா, வேர் நல்லா இறங்குது" என்றது செடி.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு இங்கே ஒரு கிளை, அங்கே ஒரு கிளை, கிளைக்குக் கிளை பூ. ஐப்பசி முதல் இடி இடித்தபோது கட்டை விரல் அளவுக்கு ஒரு காய் தொங்கியது. முதல் தூறல் பொம்மையின் தோளில் விழுவதற்கும் அவள் காயைப் பறித்து அதன் வாயில் திணிப்பதற்கும் சரியாக இருந்தது.

வைக்கோல் தாடியாயிற்று, குச்சி கையாயிற்று, சடையன் கண்ணை மூடி மென்றான். "கத்தரிக்காய்னா இதுதான்டி! நீ பூவைக் கிள்ளினப்போ ‘அடிப்பாவி, கிள்ளாதே’ன்னு கத்தப் பார்த்தேன். நல்லவேளை, வாய் வைக்கோலா இருந்துச்சு!"

மந்திரவாதியின் பொடி மூட்டை மழையில் கரைந்து ஓடியது. அவனும் அதன் பின்னாலேயே ஓடினான், இன்றுவரை திரும்பவில்லை.

கூடை நிறையக் காய்த்ததும் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். பூங்காவனம் அங்காயியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ரெண்டு தரம் உங்க பேச்சை மதிக்கல. மூணாந்தரம் வந்தப்போ நீங்க ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தா, வெக்கப்பட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பேன். காட்டலையே! அதனாலதான்க்கா என் புருஷன் இன்னைக்கு என் பக்கத்துல நிக்கிறார்."

அங்காயி, "போடி இவளே" என்று சொல்லிவிட்டு, கூடையை இறக்க ஒரு கை கொடுத்தாள். அன்றைக்கு ஏழு ஊரிலும் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது, சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் நன்றாயிருந்தார்கள்.