நூறாவது நாள் தருகிறேன் என்ற கட்டவுட்

ஒரு காலத்தில் பூரணி டாக்கீஸில் வெள்ளைத்திரை ஒன்று இருந்தது. அதற்கு முதலில் துரோகம் செய்தது வாசலில் நின்ற கட்டவுட். மற்றவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் வந்தவர்கள்தான்.

வெள்ளைத்திரைக்கு இருந்த ஒரே துணை அதன் முன்னால் தொங்கிய சிவப்பு முன்திரை. முப்பத்தொரு வருடத் துணை. மணி அடித்ததும் விளக்கு மங்கும், பாட்டு எழும், முன்திரை மடிப்பு மடிப்பாக மேலே ஏறும். சனங்களின் முதல் விசில் அதற்குத்தான். படம் முடிந்ததும் அது இறங்கிவந்து, தூசியும் வௌவால் எச்சமும் படாமல் வெள்ளைத்திரையைப் போர்த்திவிடும்.

அப்போதுதான் ‘தீப்பருந்து’ வந்தது. வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றும் வீரனின் படம். ரசிகர் மன்றத்தார் நாற்பதடிக்கு அவன் கட்டவுட்டை நிறுத்தினார்கள். மன்றத் தலைவர் எட்வின்ராஜ் அண்ணாந்து பார்த்தார். தோளிலிருந்து தொங்கிய அங்கி வெறும் பெயின்ட். அவருக்குத் திருப்தி இல்லை.

“பறக்கிறவனுக்கு அங்கி பலகை மாதிரி நின்னா எப்படி அண்ணாச்சி? காத்துல படபடன்னு அடிக்க வேண்டாமா?” என்று மேனேஜர் சங்கரலிங்கத்திடம் கேட்டார்.

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் மன்றத்து ஆட்கள் இரண்டு பேர் அங்கிக்காக முன்திரையைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். படம் நூறு நாள் ஓடியதும் துவைத்துத் திருப்பித் தருவதாக எட்வின்ராஜ் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

மனிதர் செய்த சத்தியத்தை வெள்ளைத்திரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதவு திறந்திருந்த நேரம் பார்த்துக் கட்டவுட்டே உள்ளே குரல் கொடுத்தது.

“கவலைப்படாதே. ஊரையே காப்பாற்றுகிறவன் நான். நூறாவது நாள் உன் துணியை உன்னிடமே சேர்ப்பேன்.”

வெள்ளைத்திரை அதை நம்பியது.

முதல் மூன்று வாரம் கொட்டகை தாங்கவில்லை. பிறகு கூட்டம் வடிந்தது. நூறு நாள் எண்ணிக்கை கெட்டுவிடக் கூடாதென்று மன்றத்தார் மன்றாடிப் பகல் காட்சியை மட்டும் தக்கவைத்துக்கொண்டார்கள். தினமும் ஆறேழு பேர் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். எதிர் மன்றத்துக் கொம்பையாவுக்கு இது போதாதா. டீக்கடையில் உட்கார்ந்து வம்பிழுத்தார்.

“ஆறு பேரு வந்து, அதுல நாலு பேரு குறட்டை விடுறதுக்குப் பேரு ஓட்டமா வே?”

“ஓடுதா இல்லையா, அத மட்டும் சொல்லும்” என்றார் எட்வின்ராஜ்.

மனிதர்கள் ஓய்ந்த நேரத்தில் சுவரொட்டிகள் அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டன. தீப்பருந்தின் புதுச் சுவரொட்டி, இன்னும் ஐம்பது வருடம் ஊர் இந்தப் படத்தைத்தான் பேசும் என்றது. பக்கத்தில் பாதி கிழிந்து கிடந்த எதிர் நாயகனின் பழைய சுவரொட்டி, ஐம்பது நாளே ஆள் பிடித்து உட்கார வைத்ததுதான் என்று சிரித்தது. தீர்ப்புக் கேட்டு இரண்டும் வெள்ளைத்திரையிடம் வந்தன.

“நாற்காலிகளைப் பார்த்தபடி நிற்கிறவன் நீ ஒருவன்தான். ஜெயித்தது யார்?”

“எத்தனை பேர் வந்தார்கள், யார் தூங்கினார்கள், யார் அழுதார்கள், எல்லாம் எனக்குத் தெரியும்” என்றது வெள்ளைத்திரை. “முதலில் என் முன்திரை எங்கே, சொல்லுங்கள்.”

பெரிய விஷயம் பேசுகிற இடத்தில் இது என்ன துணிப் பேச்சு என்று இரண்டும் ஒரே குரலில் சலித்துக்கொண்டு, பழைய சண்டைக்கே திரும்பிப் போயின.

முன்திரை வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது. கட்டவுட்டின் தலையில் ஊற்றிய பால் அதன் மடிப்பில் தங்கிப் புளித்தது. எறும்பு வந்தது, எலி வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளைத்திரை நலம் விசாரிக்கும்.

“நான் பறக்கிறேன் என்று ஊர் சொல்கிறது” என்றது முன்திரை ஒருநாள். “கயிற்றில் கட்டியிருக்கிறார்கள்.”

உள்ளே வெள்ளைத்திரைமேல் வௌவால் எச்சம் வழிந்து கறையானது. சரியாக வீரனின் முகம் வருகிற இடத்தில். அண்ணாச்சி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். கறை இன்னும் பரவியதுதான் மிச்சம்.

நூறாவது நாள் வந்தது. வெடிச் சத்தத்துக்கு நடுவில் வெள்ளைத்திரை கூப்பிட்டது. “சொன்ன நாள் வந்துவிட்டது.”

“இன்று என் நாள்” என்றது கட்டவுட். “இன்றைக்குப் போய் அதைக் கேட்கலாமா?”

மறுநாள் கட்டவுட்டை இறக்கினார்கள். அண்ணாச்சி துணியை ஞாபகப்படுத்தினார். அதற்குள் மன்றத்தார் அங்கியை நாடா நாடாவாகக் கிழித்து, தீப்பருந்தின் ஞாபகமாகப் பங்கு போட்டிருந்தார்கள். எட்வின்ராஜ் தன் பங்கைக் காட்டினார். “எங்கேயும் போயிடல அண்ணாச்சி, எல்லாம் நம்ம பயலுவ கையிலதான் இருக்கு.” எதிர் மன்றத்துக் கொம்பையாவும் யாரிடமோ சொல்லி ஒரு நாடா வாங்கிக்கொண்டார்.

அடுத்த படம் வந்தது. விளக்கு மங்கியது, பாட்டு எழுந்தது, மேலே ஏறுவதற்கு எதுவும் இல்லை. முதல் விசிலும் வரவில்லை. நாயகன் தோன்றியதும் கைகள் எழுந்தன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் வெளுத்த சிவப்பு நாடா. ஒன்றில் மடிப்புத் தையல்கூட அப்படியே இருந்தது. வெள்ளைத்திரை அதைக் கூப்பிட்டது. கூச்சலில் கேட்கவில்லை.

நூறு நாள் கணக்கில் சேருமா சேராதா என்று வெளியே எட்வின்ராஜும் கொம்பையாவும் இன்னும் வாதாடுகிறார்கள். வெள்ளைத்திரைக்கு அந்த நூறாவது நாள் இன்னும் வரவில்லை.