மாங்குயில் பேசிய வழக்கு

மூங்கிலோடைக் காட்டில் பறவைகளுக்கு அழகுப் போட்டி நடந்தது. மஞ்சரி என்ற மாங்குயில் வென்றது. அன்றுமுதல் போகும் இடமெல்லாம் ஒரே பேச்சு. "கொஞ்சம் திரும்பு, சிறகைக் காட்டு" என்று கேட்டுக் கேட்டு அதற்குச் சலித்துவிட்டது.

"என்னைப் பார்த்தது போதும். இனி நான் பார்த்ததைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுச் செய்தி சேகரிக்கக் கிளம்பியது. எங்கே பழம் பழுத்தது, எங்கே வேடன் வலை விரித்தான் என்று விசாரித்துவந்து, காலைதோறும் நாவல் மரத்தில் அமர்ந்து சொல்லும்.

ஒருநாள் மேட்டுப் பக்கம் பறந்தபோது அதற்குத் திக்கென்றது. காட்டுப்பன்றிகள் சேற்றில் புரள்வதற்காக ஓடையை மறித்துக் கரை போட்டிருந்தன. ஒரு சொட்டு நீர்கூடக் கீழே குளத்துக்கு இறங்கவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பிவந்தது. "ஓடையை மறித்துவிட்டார்கள். நம் குளம் வற்றப்போகிறது. இப்போதே போய்க் கேளுங்கள்."

"கோபத்தில்கூட எவ்வளவு அழகு!" என்றது முயல்.

"வெயில் பட்டால் பொன்னேதான்" என்றது மான். யாரும் எழுந்திருக்கவில்லை.

குளத்தில் மஞ்சரிக்கு ஒரு தோழி உண்டு. வெள்ளச்சி என்ற கெண்டை மீன். தண்ணீர் குறையக் குறைய அதற்குப் பயம் கூடியது.

"மான் வேறு ஆற்றுக்குப் போய்விடும், அக்கா. நாங்கள் எங்கே போவோம்? யானையாரின் மன்றத்தில் முறையிட நீரைவிட்டு எங்களால் வர முடியாது. எங்களுக்காக நீ பேசேன்."

"பேசுகிறேன்" என்றது மஞ்சரி.

மன்றம் கூடும் ஆலமரத்தில் பத்து நாள் உட்கார்ந்து, வழக்குகளைக் கேட்டுக் கேட்டுச் சட்டம் படித்தது. பிறகு வழக்குப் போட்டது.

பன்றிகளுக்காக நரி வாதாட வந்தது. "அழகிப் பட்டம் வாங்கியவருக்குச் சட்டம் எதற்கு?" என்று கேட்டது. கூட்டம் சிரித்தது. சாட்சி வரவில்லை என்று நரி ஒரு வாய்தா வாங்கியது. பன்றித் தலைவருக்குக் காய்ச்சல் என்று இன்னொரு வாய்தா. யானையாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை நரி வாயைத் திறக்குமுன் மஞ்சரி முந்திக்கொண்டது.

"ஐயா, ஓடும் நீரை மறிக்க எவருக்கும் உரிமை இல்லை. இது உங்கள் பாட்டனார் இதே மரத்தடியில் சொன்ன தீர்ப்பு. என் சிறகைப் பார்க்க வேண்டாம். குளத்தை வந்து பாருங்கள்."

யானையார் எழுந்து நடந்தார். குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சேறு. அதில் மீன்குஞ்சுகள் சில துடித்துக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் வெயில் படாதபடி மறைத்துச் சரிந்து கிடந்தது வெள்ளச்சி. அதற்கு உயிரில்லை.

யானையார் தாமே மேட்டுக்குப் போய்க் கரையை உடைத்தார். சற்று நேரத்தில் நீர் வந்தது. குஞ்சுகள் பிழைத்தன.

"வழக்கை ஜெயித்துவிட்டாயே!" என்று முயல் ஓடிவந்தது.

மஞ்சரி வெள்ளச்சியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மன்றத்தில் சொன்னதைத்தான் அன்றைக்கு உங்களிடமும் சொன்னேன்" என்றது. "அன்றைக்கு இவள் உயிரோடு இருந்தாள்."

முயல் தலையைக் குனிந்துகொண்டது.

சொல்பவரின் அழகில் மயங்கிச் சொன்னதைக் கேளாமல் விட்டால், நீதி வென்றாலும் போன உயிர் திரும்பாது.