துரை சொன்ன வார்த்தை

சிற்றாற்றூர் ஜமீன்தார் யானை மேல் பவனி வந்தபோது கலெக்டர் துரை அண்ணாந்து பார்த்து, "மெஜஸ்டிக்" என்றுவிட்டார். மகா கம்பீரம் என்று குமாஸ்தா அர்த்தம் சொன்னதிலிருந்து ஜமீன்தாருக்குக் கால் தரையில் பாவவில்லை. யானைப்பாகன் இருளாண்டியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு துரை விடைபெற வரும்போது, ஊரே கேக்குற மாதிரி அந்த வார்த்தையை அவர் வாயால மறுபடி வர வைக்கணும். இல்லாட்டி உனக்கு இங்க வேலை கிடையாது."

இருளாண்டிக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் துரையின் கண் எங்கே நின்றது என்று, யானைக் கழுத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்குத் தெரியும்.

மறுநாள் ஜமீன்தார் ஜரிகைத் தலைப்பாகையோடு வாசலில் நின்றார். துரை கை குலுக்கினார், வெயிலைப் பற்றிப் பேசினார், அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. ஜமீன்தார் பாகனை முறைத்தார். யானை மேலிருந்த இருளாண்டி அதன் காதுக்குப் பின்னால் கால் விரலால் ஓர் அழுத்து அழுத்தினான். யானை துதிக்கையை நெற்றிக்கு மேல் தூக்கிப் பிளிறியது. துரை தொப்பியைக் கழற்றி, "மெஜஸ்டிக்" என்றார், ஊரே கேட்க.

துரை போனதும் ஜமீன்தாரின் குரல் இறங்கிவிட்டது. "அப்போ நேத்தும் அது யானைக்குத்தானாடா?"

"யானை யாருது எசமான்?"

ஜமீன்தார் மீசைக்குள் சிரித்தார். யானைக்கு ஒரு கட்டு கரும்பு வந்தது. அடுத்த தடவை துரை வந்தபோது ஜமீன்தார் வாசலில் நிற்கவில்லை. காலையிலிருந்தே யானை மேல்தான் உட்கார்ந்திருந்தார்.