எல்லாவற்றிலும் இருந்த புரதம்

“இன்னும் எதை மேடம் வடிகட்டணும்? எல்லாம்தான் முடிஞ்சாச்சே.”

கேட்டவர் மாணவர். வயது அறுபத்து மூன்று.

பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. அவர் அப்போது சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருப்பதை மென்று முடிக்காமல் பேசுகிற வழக்கம் செண்பகவல்லிக்குக் கிடையாது.

மாணவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

டாக்டர் ஞானசிகாமணி தெற்கே ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். அந்தப் பிரிவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி வழி கேட்ட நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. “பதினேழாம் நம்பர் ரூம் எங்க?” என்றுதான் கேட்பார்கள். சொல்கிறவரும் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் காட்டுவார்.

அங்கே அவரை ஓயாமல் தோற்கடித்த நோய் வெட்டை, டாக்டர்கள் பாஷையில் கொனோரியா. ஆரம்பத்தில் பென்சிலினுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அடுத்த மருந்து வந்தது, அதற்கும் கொஞ்ச காலம் கட்டுப்பட்டது. இப்படி ஒவ்வொரு மருந்தாக விழுங்கி ஏப்பம் விட்டது அந்தக் கிருமி. அவர் ஓய்வு பெற்ற நாளில் நம்பி எழுத ஒரே ஒரு மருந்துதான் மிச்சம் இருந்தது.

ஓய்வு பெற்றவர்கள் செய்கிற எதையும் அவர் செய்யவில்லை. மதுரைக்கு வந்து, கம்ப்யூட்டரில் தடுப்பூசி வடிவமைக்கும் செண்பகவல்லியிடம் மாணவராகச் சேர்ந்துகொண்டார். கண்ணை மூடுவதற்குள் இந்தக் கிருமியை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

வேலை, சொல்வதற்கு எளிது. கிருமிக்குள் இருக்கும் இரண்டாயிரம் சொச்சம் புரதங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே பதுங்கியிருப்பதைத் தள்ள வேண்டும், அது நம் உடம்பின் காவல்காரர்கள் கண்ணில் படாது. மனிதப் புரதத்தின் சாயல் உள்ளதைத் தள்ள வேண்டும், காவல்காரர்கள் நம்மையே அடித்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் வேஷம் மாற்றுவதையும் தள்ள வேண்டும். மிஞ்சுவதை வைத்துத் தடுப்பூசி.

ஏழு மாதம் தள்ளினார். ஒன்று மிஞ்சியது.

பல நாடுகளில் நோயாளிகளிடம் எடுத்துச் சேர்த்துவைத்த நானூற்றுப் பன்னிரண்டு கிருமி மாதிரிகள் தரவுத் தொகுப்பில் இருந்தன. அத்தனையிலும் அந்தப் புரதம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அன்றைக்கு ஆய்வகம் முழுக்க அவரே காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் ஒரே ஒரு புரதத்தைத்தான் நிஜமாகச் செய்து எலிகளுக்குப் போட்டுப் பார்க்க முடியும். விட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒன்றரை வருடம். இந்தப் புரதத்தையே செய்யச் சொல்லி அனுப்ப வேண்டிய கடிதம் ஆசிரியையின் மேஜையில் பத்து நாளாகக் கையெழுத்தில்லாமல் கிடந்தது. டாக்டருக்கு இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே சரியில்லை.

செண்பகவல்லி கை கழுவிவிட்டு வந்தார்.

“எத்தனை மாதிரியில இருக்கு, டாக்டர்?”

“எல்லாத்துலயும்.”

“எல்லாத்துலயுமா?”

“நானூத்திப் பன்னிரண்டுலயும் இருக்கு. நூத்துக்கு நூறு.”

செண்பகவல்லி டாக்டருடைய கம்ப்யூட்டரில், மாதிரிகளின் அட்டவணையில் ஒரு பத்தியைத் திறந்தார். இடத்தை அடைக்கிறது என்று டாக்டர் முதல் வாரத்திலேயே மறைத்துவைத்த பத்தி அது. ஒவ்வொரு மாதிரியும் யார் உடம்பிலிருந்து எடுத்தது என்ற விவரம் அதில் இருந்தது.

சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

“ஆண். ஆண். ஆண். ஆண்.” எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி படிக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலோடுதான் டாக்டர் ஆரம்பித்தார். நாற்பது தாண்டியதும் எரிச்சல் போய்விட்டது. எழுபத்தொன்றாவதில் முதல் “பெண்” வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் வரவில்லை.

முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

“ஒன்பது,” என்றார்.

“பொம்பளை உடம்புக்குள்ள போனா, கிருமி இந்தப் புரதத்தை வெளியே காட்டுமா, மறைச்சுக்குமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றார் ஆசிரியை.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்கள் வந்தால்தானே மாதிரி எடுப்பதற்கு என்றார். ஆணுக்கு எரியும், சீழ் வரும், ஓடி வந்துவிடுவான். பெண்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரிவதே இல்லை. நோய் கருப்பைக்கு மேலே ஏறி, இரண்டு பக்கத்துக் கருக்குழாயையும் அடைத்த பிறகும் அவர்கள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். தன் அனுபவத்தையெல்லாம் கொட்டி இப்படிப் பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்:

“வராதவங்களை நான் எங்க மேடம் போய்த் தேடுவேன்?”

“புருஷன் உங்க ரூமுக்குள்ள வரும்போது, அவங்க எங்க இருப்பாங்க?”



“வெளிய பெஞ்சுல.”

செண்பகவல்லி அலமாரியிலிருந்து ஒரு கட்டுப் படிவங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பெண்களிடம் மாதிரி எடுக்கப் போன வருடமே அனுமதி வந்திருந்தது. படிவங்களை அச்சடித்ததோடு சரி, கட்டைப் பிரித்தவர் யாரும் இல்லை.

“பத்துப் பேர் போதும். இதை முழுசாப் படிச்சுக் காட்டணும். அவங்க சரின்னா மட்டும்.”

“கடிதம்?”

“திங்கக்கிழமை நீங்க போடச் சொன்னா, கேள்வி கேக்காமக் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

மறுநாள் காலையில் டாக்டர் பஸ் ஏறினார்.

பதினேழாம் நம்பர் அறையில் இப்போது இருப்பவர் அவரிடம் வேலை பழகியவர். எழுந்து நின்று, அதே பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் குட்டை, ஆடியது.

“அந்தப் பக்கம் ஆடும். இங்கிட்டு வாங்க,” என்று ஓர் அம்மாள் நகர்ந்து இடம் விட்டார்.

நாற்பது வயதிருக்கும். மடியில் ஒயர்க் கூடை, அதில் தூக்குவாளி. புருஷன் உள்ளே போயிருக்கிறார் என்றார். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தார்.

“முன்ன இங்க இருந்த டாக்டரய்யா தானே நீங்க?”

டாக்டர் தலையசைத்தார். அவருக்கு அந்த முகத்தைத் தெரியவில்லை. அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ தடவை இந்த வாசலில் உட்கார்ந்திருந்தும் கும்பிட ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்றார். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“நீங்க குடுத்துவிடுற சத்து மாத்திரைய இவுக தவறாமக் கொண்டாந்து குடுத்துருவாக. நாலு தடவ சாப்பிட்டேன். பிள்ளதான் தங்கல. மத்தபடி ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லய்யா.”

டாக்டர் ஞானசிகாமணி அந்த அறையில் யாருக்கும் சத்து மாத்திரை எழுதியதில்லை.

அவர் கொடுத்ததெல்லாம் வெட்டைக்கான மருந்து, இரண்டு பொட்டலம். ஒன்று புருஷனுக்கு, ஒன்று பெண்டாட்டிக்கு. “சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுப்பா, வீட்ல சண்டை வராது,” என்பது அவரே கண்டுபிடித்த வாசகம். தோளில் தட்டிச் சொல்வார். எத்தனை குடும்பத்தைப் பிரியாமல் காப்பாற்றியிருக்கிறேன் என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் பெருமையாகப் பேசியும் இருக்கிறார். இப்போது உள்ளே இருக்கும் டாக்டரும் அந்த வாசகத்தை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்.

“பிள்ள தங்குறதுக்கும் ஒரு மாத்திரை எழுதித் தாங்களேன், அய்யா,” என்றார் அந்த அம்மாள்.

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. படிவத்தின் முதல் வரியே நோயின் பெயர். கட்டை அப்படியே பைக்குள் வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால், திங்கட்கிழமை கடிதம் போய்விடும். ஆசிரியை கேள்வி கேட்கப்போவதில்லை.

உள்ளே புருஷன் இருமும் சத்தம் கேட்டது. மருந்துப் பொட்டலம் கட்டும் சத்தமும் கேட்டது.

டாக்டர் நூலை அவிழ்த்து ஒரு படிவத்தை உருவினார். பேனாவைத் திறந்தார்.

“உங்க பேர் என்னம்மா?”

“பேச்சித்தாய்.”

எழுதிக்கொண்டார். நோயாளியின் மனைவி ஒருவரின் பெயரை இந்த மருத்துவமனையில் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

“பேச்சித்தாய், அது சத்து மாத்திரை இல்லம்மா,” என்றார்.