தவணை டிராக்டர் யாருடையது?

ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடனில் டிராக்டர் வாங்கியவள் அஞ்சலை. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வராததால் ஒரே ஒரு தவணை தவறிவிட்டாள். அதற்கே வசூல் அதிகாரி கிருபாகரன் ஆட்களோடு வந்து, தெருவே பார்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாவியைக் கேட்டார்.

“நெல்லுப் பணம் வந்ததும் கட்டிடறேன் சார்.”

“கடைசித் தவணை வரைக்கும் இது எங்க வண்டி. இதுல ஒரு ஆணிகூட உன்னோடது இல்ல! வக்கில்லாதவளுக்கு டிராக்டர் எதுக்கு?”

அஞ்சலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

“ராயப்பண்ணே, நேத்து உங்க மாட்டுக்கொட்டகைச் சுவரை இடிச்ச வண்டிக்குச் சொந்தக்காரர் வந்திருக்கார். இவர்கிட்ட கேளுங்க.”

ராயப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “சுவரை எப்ப சார் கட்டித் தரப்போறீங்க?” கூட்டமும் நெருங்கியது.

கிருபாகரன் இரண்டு கைகளையும் விரித்தார். “எனக்கென்னய்யா தெரியும்? வண்டி இந்தம்மாவோடது. இவங்கதான் பொறுப்பு!”

“எல்லாரும் கேட்டீங்கல்ல?” என்றாள் அஞ்சலை. “சுவரை நான் கட்டித் தரேன், அண்ணே. சார், நீங்க என் வண்டிய விட்டு இறங்குங்க.”

தெரு சிரித்த சிரிப்பில் அவர் குதித்து ஓடினார். ஒற்றைச் செருப்பு மட்டும் வண்டியிலேயே தங்கிவிட்டது.