மூடிய கை

“தொடக் கூடாது என்கிறார்கள். தொடாமல் இந்தப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது?”

வடிவு இதை வாயால் கேட்கவில்லை. ரெபேக்காள் டீச்சரின் கைகளுக்குள் தன் விரல்களை வைத்து, சைகையால் கேட்டாள்.

“இப்போது எப்படிக் கேட்டீர்களோ, அப்படித்தான்,” என்றார் ரெபேக்காள், அவள் கைக்குள்.

கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் இருக்கும் பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் நடந்துவந்த சிறிய பள்ளி அது. ரெபேக்காளுக்கும் கண் தெரியாது, காது கேட்காது. முப்பது வயதுகூட ஆகவில்லை. வடிவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பால்வாடியில் பல வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள். கைக்குள் கை வைத்துப் பேசும் பேச்சை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரெபேக்காள்தான்.

கூப்பிட வேண்டுமென்றால் வடிவின் வளையலை இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு ‘வடிவக்கா’ என்று அர்த்தம்.

கொரோனா வந்ததும் பள்ளியைப் பூட்டினார்கள். மற்றப் பள்ளிகளில் போனில் பாடம் நடந்தது. தாளாளர் ஞானதுரை இங்கேயும் அதைச் செய்து பார்த்தார். வடிவு செல்போன் முன்னால் நின்று சைகை காட்டினாள். பார்க்க முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்த வீடியோ போய்ச் சேர்ந்தது. பெற்றோர்கள் மரியாதைக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள்.

இரண்டாவது அலை ஓய்ந்து, பெரியவர்கள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு, திறந்துகொள்ளலாம் என்று அனுமதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன.

ஞானதுரை தம்பியைத் தொற்றில் பறிகொடுத்தவர். அவர் பயம் பொய்யில்லை. ரப்பர் கையுறைகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார்.

“இதப் போட்டுக்கிட்டுப் பேசுங்க. இல்லன்னா திறக்கவே வேண்டாம்,” என்றார்.

வடிவு கையுறை மாட்டிக்கொண்டு போய், ரெபேக்காளின் கையைத் தொட்டாள்.

ரெபேக்காள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“யார் வந்திருக்கிறது?” என்று கேட்டார்.

“நான்தான் டீச்சர். வடிவு.”

“யார்?”

வடிவு கையுறையைக் கழற்றினாள். ரெபேக்காள் அவள் வளையலை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஞானதுரை இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டு, சோப்பு வாங்க ஆள் அனுப்பினார்.

“முழங்கை வரைக்கும் கழுவணும். முகக்கவசத்தக் கழட்டவே கூடாது. ஜன்னல் எல்லாம் திறந்து இருக்கணும். ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர்தான். ஏதாவது ஆச்சுன்னா உங்க பொறுப்பு.”

வடிவு அதை ரெபேக்காளுக்குச் சொன்னாள்.

“எங்கள் பொறுப்புதான்,” என்றார் ரெபேக்காள். “வேறு யாருடையதாக இருக்கும்?”

*

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் வாசல் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குதித்தான். இன்னொருத்தி குழாயைக் கண்டுபிடித்து, கை கழுவுவதை விட மாட்டேன் என்றாள்.

வடிவின் பொறுப்பில் இருந்தவள் இசக்கி. பத்து வயது. பள்ளியைப் பூட்டுவதற்கு முன்னால் அவள்தான் அங்கே பெரிய வாயாடி. வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காலையில் என்ன தின்றாள் என்பதில் தொடங்குவாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிறுத்த மாட்டாள்.

இப்போது வந்தவள் வேறு பிள்ளை.

இரண்டு கைகளையும் இறுக மூடி, அக்குளுக்குள் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். வடிவு தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் தடவி எடுத்துத் தின்றாள். தின்று முடித்ததும் கை மறுபடியும் உள்ளே போய்விட்டது.

“என்ன செய்வது?” என்று வடிவு கேட்டாள்.

ரெபேக்காள் எழுந்து வந்தார். இசக்கி இருந்த மூலைக்கு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பெஞ்சின் மேல் மல்லாத்தி, அவள் எட்டுகிற தூரத்தில் வைத்தார்.

அப்படியே இருந்தார்.

மதியம் ஆனது. கை அங்கேயே இருந்தது.

பிறகு எழுந்து, வடிவை அதே இடத்தில் உட்கார வைத்து, அவள் கைகளை அதே மாதிரி மல்லாத்தி வைத்துவிட்டுப் போனார்.

“பாடம் எப்போது தொடங்குவது?” என்று வடிவு மறுநாள் கேட்டாள்.

“நேற்றே தொடங்கிவிட்டதே.”

*

நாட்கள் போயின. வடிவுக்குத் தோள் வலித்தது. இசக்கி பெஞ்சின் ஓரம்வரை வருவாள். வடிவின் விரல் நுனியை மூக்கால் முகர்வாள். போய்விடுவாள்.

ஒரு நாள் வடிவுக்குப் பொறுக்கவில்லை. கஞ்சி கொடுக்கும் சாக்கில் இசக்கியின் மூடிய கையைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரித்த உள்ளங்கையில் ‘வடிவு, வடிவு’ என்று தன் பெயருக்கான சைகையைக் காட்டினாள்.

இசக்கி போட்ட அலறல் தெருவரை கேட்டது. கஞ்சி கொட்டியது. அவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். சாயங்காலம் ஆகியும் வெளியே வரவில்லை.

வடிவு அழுதுகொண்டே போய் ரெபேக்காளிடம் நடந்ததைச் சொன்னாள்.

“கை திறந்ததா?” என்று கேட்டார் ரெபேக்காள்.

“திறந்தேன், டீச்சர்.”

“நீங்கள் திறந்ததைக் கேட்கவில்லை.”

*

அன்று சாயங்காலம் இசக்கியின் அம்மா பேச்சித்தாய் வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். வாசலுக்கு வெளியிலேயே தள்ளி நின்றாள். மகள் பெஞ்சுக்கு அடியில் இருப்பதை அங்கிருந்தே பார்த்தாள்.

“எல்லாம் மறந்துட்டா டீச்சர். இங்க கொண்டாந்து என்ன பிரயோசனம்? நாளையோட நிறுத்திக்கிடுதேன். வீட்லயே இருக்கட்டும்.”

“வீட்ல யார்கிட்டயாவது பேசுதாளா?” என்று வடிவு கேட்டாள்.

பேச்சித்தாய் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“எனக்கு கொரோனா வார்டுல வேல போட்டாங்க டீச்சர். தெனமும் சாவு. வீட்டுக்கு வந்தா வெளிய சாய்ப்புலதான் படுப்பேன். நான் எங்க நடந்தாலும் தரை அதிருமாம், அதுலயே கண்டுபிடிச்சிருவா. ஓடி வந்து கையப் பிடிப்பா. எனக்குப் பயம். என்னால இவளுக்கு வந்துருமோன்னு பயம். ஏன் வரக்கூடாதுன்னு இவளுக்கு எப்படிச் சொல்ல? தொட்டாத்தானே சொல்ல முடியும்?”

“என்ன செஞ்சீங்க?”

“தள்ளிவிட்டேன்.”

பெஞ்சுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல டீச்சர். ஓடி ஓடி வருவா. ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டேன். அப்புறம் அவளே வாரத நிறுத்திட்டா. கைய மூடிக்கிட்டா.”

“இப்ப வார்டு மாத்திட்டாங்கல்ல? ஊசியும் போட்டாச்சுல்ல?”

“ஆமா. ஆனா இப்பவும் தொட பயமாத்தான் இருக்கு. இப்ப பயம் வேற.”

நாளை ஒரு நாள் மட்டுமாவது கூட்டிவரும்படி வடிவு கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். பேச்சித்தாய் தலையசைத்தாள். இசக்கியின் சட்டைத் தோளைப் பிடித்து, கையைத் தொடாமல், நடத்திக் கூட்டிப்போனாள்.

வடிவு உள்ளே வந்து ஒன்றுவிடாமல் ரெபேக்காளின் கைகளுக்குள் சொன்னாள்.



ரெபேக்காள் தன் வலது கையை முஷ்டியாக மூடி, வடிவின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதற்குள் என்ன இருக்கிறது?”

வடிவு தடவிப் பார்த்தாள். “ஒன்றும் இல்லை.”

“ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இவ்வளவு இறுக்கி மூட வேண்டும்?”

*

மறுநாள் வடிவு முழங்கை வரை கழுவினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகளை மல்லாத்தி வைத்தாள். அன்று அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இதுதான் கடைசி நாள் என்றுகூட நினைக்கவில்லை. தள்ளிவிடப்பட்ட ஒரு பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்தாள்.

இசக்கி வந்தாள். முகர்ந்தாள். போனாள்.

மறுபடியும் வந்தாள்.

திடீரென்று அக்குளிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஓங்கி, வடிவின் உள்ளங்கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

வடிவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

பெஞ்சின் அடுத்த முனையில் ரெபேக்காள் உட்கார்ந்திருந்தார். அந்த அடி பலகை வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டென்று நகர்ந்து வந்து, வடிவின் மணிக்கட்டில் கை வைத்தார்.

“எடுக்காதீர்கள்.”

இன்னோர் அடி. இன்னொன்று. இரண்டு கையாலும் அடித்தாள். வடிவின் உள்ளங்கை சிவந்துபோனது. இசக்கியின் மூக்கு ஒழுகியது, முகக்கவசம் கழன்று ஒரு காதில் தொங்கியது, அடிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அடிக்க அடிக்க அந்தக் கைகள் விரிந்திருந்தன. முஷ்டியால் அவள் ஓர் அடிகூட அடிக்கவில்லை.

ஓய்ந்தபோது அவள் கை வடிவின் கை மேலேயே தங்கிவிட்டது. மூச்சு வாங்கியது. பிறகு விரல்கள் மெல்ல அசைந்தன.

“எங்கே?”

வடிவால் நம்ப முடியவில்லை.

“எங்கே? எங்கே? எங்கே போனாய்?”

வடிவு போட்ட சத்தத்தில் ஞானதுரை ஓடிவந்தார். வருகிற வேகத்தில் நடையில் கிடந்த வாளியைத் தட்டிவிட்டார்.

“என்னம்மா, விழுந்துட்டாளா? அடிபட்டுருச்சா?”

“பேசிட்டா சார்! பேசிட்டா!”

ஞானதுரை வாசலிலேயே நின்றுவிட்டார். தம்பி போனதிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இப்போது முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின. கொட்டிய தண்ணீரில் நின்றுகொண்டே, கண் தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால், காது கேட்காத பிள்ளைகளுக்கு முன்னால், அவர் கை தட்டினார்.

ஞானதுரை ஓடிவந்த அதிர்வைத் தரையில் உணர்ந்த அடுத்த மூலைப் பையன், என்னவென்று தெரியாமலே குதிக்க ஆரம்பித்தான்.

“நான் வீட்டில் இருந்தேன்,” என்றாள் வடிவு, இசக்கியின் கைக்குள். “ஊர் முழுக்கக் காய்ச்சல். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல். எல்லோரும் தொடாமல் இருந்தோம்.”

“எல்லோருமா?”

“எல்லோரும்.”

“என்னை மட்டும் இல்லையா?”

“உன்னை மட்டும் இல்லை.”

இசக்கி யோசித்தாள். அப்புறம் வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தவில்லை. வீட்டில் பூனை குட்டி போட்டது, ஒரு குட்டி செத்துப்போனது, தனக்குப் பல் விழுந்தது, விழுந்த பல் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் சொன்னாள்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா ஏன் தள்ளினாள்?”

வடிவுக்குப் பதில் தெரியும். ஆனாலும் விரல்கள் தயங்கின. ரெபேக்காளைத் தொட்டுக் கேட்டாள்.

“அது உங்களிடம் கேட்ட கேள்வி இல்லை, வடிவக்கா,” என்றார் ரெபேக்காள்.

*

சாயங்காலம் பேச்சித்தாய் வழக்கம்போல வாசலுக்கு வெளியே தள்ளி நின்றாள்.

வடிவு ஒன்றும் விளக்கவில்லை. அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.

“நான் குளிச்சு, சேல மாத்திட்டுத்தான் வாரேன் டீச்சர்.”

“பரவால்ல. கழுவுங்க.”

பேச்சித்தாய் முழங்கை வரை கழுவினாள். வடிவு அவளை உள்ளே கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்து, அவள் கைகளை மல்லாத்தி வைத்தாள்.

“அடிப்பா. எடுத்திராதீங்க.”

தரையின் அதிர்விலேயே இசக்கிக்கு ஆள் தெரிந்திருந்தது. வந்தாள். அந்தக் கைகளை முகர்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பினாயிலில் வெடித்துப்போன தோலைத் தடவினாள். அது யார் கை என்பதில் சந்தேகமே இல்லாமல் ஆன பிறகு, ஓங்கி ஒன்று வைத்தாள்.

பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கை அங்கேயே இருந்தது.

அடிகள் நின்றன. விரல்கள் தொடங்கின. அம்மாவுக்குத் தெரிந்த சைகைகள் சோறு, தண்ணீர், தூக்கம் என்று கொஞ்சம்தான். இசக்கியின் விரல்களோ மூச்சுவிடாமல் ஓடின.

“என்ன சொல்லுதா டீச்சர்? ஒண்ணும் புரியலயே. என்ன சொல்லுதா?”

வடிவு குனிந்து, அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்துப் படித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

“ஏசுதா.”

“என்னையா?”

“உங்களைத்தான். கண்டமேனிக்கு ஏசுதா.”

பேச்சித்தாய் இரண்டு கைகளையும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

“நல்லா ஏசச் சொல்லுங்க டீச்சர்.”