கொடிக்கு என்ன நட்சத்திரம்?

தூத்துக்குடியில் ரொசாரிக்கு ஒரே ஆசைதான். அவன் சேர்த்த கொடி ஒன்று மெட்ராஸ் பழங்கொடிக் கண்காட்சியில் தொங்க வேண்டும், அதன் கீழே அவன் பெயர் இருக்க வேண்டும். இதுவரை மூன்று சோவியத் கொடிகளை அனுப்பியிருந்தான். மூன்றும் போலியென்று திரும்பி வந்தன. ஒன்று ரயில்வே கேட்டில் ஆட்டுகிற சிவப்புத் துணி. மற்ற இரண்டையும் பற்றிப் பேசினால் அவனுக்கு மனசு வலிக்கும்.

நாலாவது, கப்பல் சாமான் கடையில் கிடைத்தது. வெள்ளைத் துணி, அடியில் நீலப் பட்டை, சிவப்பு நட்சத்திரம், பக்கத்தில் அரிவாள் சுத்தியல். ரஷ்யக் கடற்படைக் கொடி என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.

"இதுவும் போலின்னா அடுப்படித் துணிதான், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி செல்வமேரி. சொன்னால் செய்கிறவள்.

ரொசாரி விவரம் எழுதவே, கண்காட்சி நடத்தும் ஞானவேலன் கடிதம் போட்டார்: 'கொடியின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். துவைக்காதீர்கள். நட்சத்திரத்தை நன்றாகப் பாருங்கள். கயிறு கோக்கும் ஓரப்பட்டையில் முத்திரை இருந்தால் எடுத்து அனுப்புங்கள்.'

ரொசாரி கடிதத்தை நண்பர்கள் கொம்பையாவுக்கும் மிக்கேலுக்கும் வாசித்துக் காட்டினான். ஊரில் அவனுக்கு ஆலோசனை சொல்ல இந்த இரண்டு பேர்தான். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

"நட்சத்திரம் பாக்கணும்னா நம்மளால ஆகுமால? சோசியருட்ட போவோம்" என்றான் கொம்பையா.

ஜோசியர் பஞ்சாங்கத்தை விரித்தார். "யாருக்கு?"

"ரஷ்யாக்காரருக்கு, அண்ணாச்சி."

"நட்சத்திரம்?"

"செவப்பு."

"அது இல்ல. என்ன நட்சத்திரம்?"

"அஞ்சு மூலை."

ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார். ரஷ்யாக்காரர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று மெல்லக் கேட்டார். அரிவாள் என்றார்கள். "அப்ப கார்த்திகைதான். தண்ணியில கண்டம் இருக்கு."

மூவரும் ஆடிப்போனார்கள். கப்பல் கொடி என்று அவரிடம் யார் சொன்னது? துவைக்கக் கூடாது என்று மெட்ராஸ்காரர் எழுதியதும் இதனால்தானே?

"வயசு என்ன அண்ணாச்சி?" என்றான் ரொசாரி.

"பொறந்த வருசம் சொன்னா வயசு சொல்லுதேன்."

"வயசு தெரிஞ்சா வருசத்த நாங்களே சொல்லிருவோமே" என்றான் மிக்கேல். அதற்கு மேல் சாஸ்திரத்தில் இடமில்லை. எழுந்து வந்துவிட்டார்கள்.

வீட்டில் பார்த்தால், ஓரப்பட்டையில் மங்கலாக ஒரு முத்திரை. ரொசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னான். எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாரே! பட்டையை நேர்த்தியாக வெட்டியெடுத்து உறையில் போட்டு அனுப்பினான்.

பதில் பறந்து வந்தது. 'முத்திரை அசல். ஆண்டு 1974. ஐயோ, இனி எதையும் வெட்டாதீர்கள்! உங்கள் பெயரை நிச்சயம் போடுகிறேன். முழுக் கொடியையும் உடனே எடுத்து அனுப்புங்கள்.'

மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"போன தடவ 'எடுத்து'ன்னாரு, வெட்டினோம். இப்ப 'ஐயோ'ங்காரு. அப்ப எடுக்கதுன்னா என்னல?" என்றான் கொம்பையா.

மிக்கேல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போட்டோ!"

ரொசாரிக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளும் இது தோன்றவில்லையே!

மறுநாளே ஸ்டூடியோவில் கொடியைச் சுவரில் விரித்துக் கட்டினார்கள். மூவரும் தலை வாரி, பவுடர் பூசி, கொடிக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். படம் அருமையாக வந்தது. கொடி மட்டும் தெரியவில்லை. ரொசாரி யோசித்து, படத்தின் பின்னால் எழுதினான்: 'கொடி எங்களுக்குப் பின்னால் இருக்கிறது.' படத்தைத் தபாலில் சேர்த்தார்கள்.

ரொசாரி நிமிர்ந்த நடையாக வீட்டுக்கு வந்து, துணியை மடித்துச் செல்வமேரியின் கையில் கொடுத்தான்.

"என்ன, இதுவும் போலியா?"

"அசலு! பேரு போடுதாங்க!"

"பொறவு ஏன் என்ட்ட தாறீக?"

"கொடியத்தான் எடுத்து அனுப்பியாச்சுல்லா" என்றான் ரொசாரி. "இது மிச்சம். சோத்துப்பானை எறக்க வச்சுக்க."